அவள் நடையை நான் நடந்தேன்

என் மனைவியின் அறிவு மங்கி வருவதை முதலில் கண்டுகொண்டவை எங்கள் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டிகள். அவை சரியாகத்தான் சொல்லின. நான் அவற்றை ஏமாற்றினேன்.

ஒரு கார்த்திகை தீபத்திலிருந்து அடுத்த தீபம் வரை, தெரிந்தே, நாள்தோறும் ஏமாற்றினேன். அவள் குணமாகியிருக்கக் கூடிய காலம் அதற்குள் கடந்துபோயிற்று. பிறகு அந்தப் பழி வேறொரு பெண்ணின் தலையில் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது... அதனால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ!

நான் அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பும் வழி எனக்கு இல்லை. அந்தப் பெட்டிகள் என்ன அளக்கின்றன, எப்படி அளக்கின்றன என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தானே ஏமாற்ற முடிந்தது?

என் மனைவியின் பெயர் உண்ணாமலை. எங்கள் ஊர்ப் பெயர். அம்மனின் பெயரை இங்கே அப்படித்தான் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவள் அடி அண்ணாமலைக்காரி. மலை சுற்றும் பாதையிலேயே அவர்கள் வீடு. பிறந்ததிலிருந்து ஊரெல்லாம் நடந்து போவதைப் பார்த்து வளர்ந்தவள். அதனாலோ என்னவோ, அவளுக்கு மெதுவாக நடக்கத் தெரியாது.

கல்யாணமான புதிதில் ஒரு விடியற்காலையில் இருவரும் மலை சுற்றக் கிளம்பினோம். பௌர்ணமி இல்லை, சாதாரண நாள். அப்போதெல்லாம் பாதையில் இத்தனை விளக்கும் கடையும் கிடையாது. புளியமரங்களும், நடுநடுவே ஒரு மாட்டுவண்டியும், தூரத்தில் யாரோ இருமும் சத்தமும்தான். நான் செருப்புப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நடக்கத் தொடங்கினாள்... அப்பப்பா! குதிகாலை அழுத்தி ஊன்றி, கைகளை வீசி, யாருக்கோ பதில் சொல்லப் போகிறவளைப் போல ஒரு நடை. நான் பின்னால் ஓடினேன்.

திரும்பிப் பார்த்து, "இன்னா வாத்தியாரே, காலேஜ்ல நடக்கக் கத்துக் குடுக்கலயா?" என்றாள்.

பெண் பார்க்கப் போன அன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள். அந்தக் கேலிதான் அவள் என்னிடம் மனம்விட்டுப் பேசிய முதல் பேச்சு. அன்றிலிருந்து அவளுக்குக் கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் நான் வாத்தியார்தான். என் அம்மாவுக்கு அவள் நடை பிடிக்காது. "தரை அதிருது. இது பொம்பள நடையா?" என்பாள். எனக்கோ, வீட்டின் எந்த அறையில் இருந்தாலும் அவள் எங்கே போகிறாள் என்று காதாலேயே தெரிந்துவிடும். முதலில் வாசல் கதவு, தண்ணீர் தெளிக்கும் சத்தம். பிறகு கூடத்தைக் கடந்து சாமி படத்துக்கு. பிறகு சமையற்கட்டு. பால் எடுக்க பிரிட்ஜ். அதன் கதவை அவள் ஒருநாளும் கையால் சாத்தியதில்லை, இடுப்பால் ஒரு தட்டு!

நான் பாடத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தங்கள் வரிசையாக வரும். அவை வந்தால் வீடு வீடாக இருக்கிறது என்று பொருள். அப்போது அதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. காற்றைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

எங்களுக்கு ஒரே மகள், தேன்மொழி. ஜெர்மனியில் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை வருவாள். அவள்தான் அந்தப் பெட்டிகளை ஏற்பாடு செய்தாள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கென்று ஒரு நிறுவனம் இதைச் செய்துகொடுக்கிறதாம். ஒவ்வோர் அறையிலும் ஒரு பெட்டி. கூடத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. பிரிட்ஜ் கதவிலும் பின்கட்டுக் கதவிலும் சிறிய வில்லைகள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஆள் போக எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து நடையின் வேகம் கணக்காகும். வயதானவர்களுக்கு மூளை தளரத் தொடங்கினால், மறதி வெளியே தெரிவதற்கு முன்பே நடை மாறும், வீட்டுக்குள் போய்வரும் ஒழுங்கு குலையும். அதைப் பிடிப்பதற்குத்தான் இந்தப் பெட்டிகள்.

மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம்.

"கேமரா எதுவும் இல்லம்மா. யாரும் உன்னைப் பாக்க மாட்டாங்க. நடமாட்டம் மட்டுந்தான் தெரியும்."

"யாரும் பாக்கலன்னா எதுக்குடி சொவத்துல மாட்டற?"

"நான் அங்க இருந்துக்குனு தினம் பயந்து சாகறேன்மா. இது இருந்தா எனக்கு நிம்மதி."

"உன் நிம்மதிக்கு எங்கூட்டு சொவரு தான் கெடச்சுதா?" என்றாள் உண்ணாமலை. ஆனால் மாட்ட விட்டாள். மகள் பயப்படுகிறாள் என்றால் அவளுக்கு அது போதும்.

வீட்டில் இரண்டு பேர். நடந்தது யார் என்று பெட்டிக்குத் தெரிய வேண்டுமே? அதற்காக ஆளுக்கொரு சிறு வில்லை. என்னுடையதைக் கைக்கடிகாரப் பட்டையில் கோத்துக்கொண்டேன். அவள் தன்னுடையதைத் தாலிச் சங்கிலியில் ஊக்குகளோடு ஊக்காக மாட்டிக்கொண்டாள். "ஜெர்மனி டாலரு," என்று அக்கம்பக்கத்தில் காட்டிப் பெருமை வேறு!

மாட்டித்தர வந்தவள் நஸ்ரின். அந்த நிறுவனத்துக்காக எங்கள் ஊர் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவள். இந்த ஊர்ப் பெண்தான். "எங்க அத்தா உங்ககிட்ட படிச்சவரு சார். இன்னமும் உங்களைப் பத்தி சொல்வாரு," என்றாள். வாரம் ஒருமுறை அவளிடமிருந்து போன் வரும். கம்ப்யூட்டரில் வந்ததைப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்வாள். உண்ணாமலை போனைப் பிடுங்கி, "உனக்கு எப்போ கல்யாணம்?" என்று அவளிடம் கேட்பாள். நல்ல நாட்கள்... அவை நல்ல நாட்கள் என்று அப்போது தெரியவில்லை.

பிறகு ஒருநாள் நஸ்ரின் தயங்கிப் பேசினாள்.

"சார், அம்மா கூடத்தைத் தாண்டற நேரம் ஜாஸ்தி ஆயிக்கினே போகுது. பிரிட்ஜைத் திறந்துட்டு அப்பிடியே நிக்கறாங்க போல. பாத்ரூம் போறதும் ரொம்ப ஜாஸ்தி. ஒரு தடவை டாக்டர்கிட்ட காமிச்சுடலாமா சார்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? யோசிக்கக்கூட இல்லை. "முட்டி வலிம்மா," என்றேன்.

முட்டி வலி இல்லை. எனக்குத் தெரியும். அவள் அடி, தரையை விட்டு எழும்பாமல் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பாதத்தைத் தரையில் யாரோ ஒட்டிவைத்ததுபோல இழுத்து இழுத்து நடந்தாள். அந்தச் சத்தம், குதிகால் ஊன்றும் அந்தச் சத்தம், எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டிருந்தது. இயற்பியல் படித்தவன், காதாலேயே அவளை அறிந்தவன்... எனக்கா தெரியாது? குழம்பில் உப்பை மறுபடி மறுபடி போட்டாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு எதற்காக நிற்கிறோம் என்று நின்றாள். சில நாள் புடவை நனைந்துவிடும். அவள் அதை மறைக்கப் பார்ப்பாள். நான் பார்க்காததுபோல இருந்துவிட்டு, அப்புறம் துவைத்துப் போடுவேன். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

நிறுவனத்திலிருந்து மகளுக்கும் செய்தி போயிருந்தது. உடனே போன்.

"ப்பா, அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருந்தா உங்களால தனியா பாத்துக்க முடியாது. கோயம்புத்தூர்ல ஒரு இடம் பாத்து வெச்சிருக்கேன். டாக்டர், நர்ஸ் எல்லாம் அங்கயே. நீங்களும் அங்கயே இருக்கலாம். மறதி இருக்கறவங்களுக்கு மட்டும் தனிப் பிரிவு... நீங்க தினமும் போய்ப் பாத்துக்கலாம்."

தனிப் பிரிவு! தினமும் போய்ப் பார்க்கலாம்! என் மனைவியை நான் மணியடித்த பிறகு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமா?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. முட்டி வலி. தைலம் தேய்ச்சா சரியாயிடும்," என்றேன்.

"அடுத்த மாசமும் இப்பிடியே வந்தா நான் கிளம்பி வந்துடுவேன் ப்பா. சொல்லிட்டேன்."

அந்தச் சமயத்தில்தான் நஸ்ரின் பேட்டரி மாற்ற வந்தாள். இருவர் வில்லைகளையும் வாங்கி, பேட்டரி போட்டு, என்னுடையதை என்னிடம் தந்தாள். உண்ணாமலையின் சங்கிலியில் தானே ஊக்கைத் திறந்து மாட்டினாள். உண்ணாமலை அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் காபி போட எழுந்தாள். எழுந்தவள் சமையற்கட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கால் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தோடு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

போகும்போது நஸ்ரின் வாசலில் நின்று மெல்லச் சொன்னாள்: "முட்டி வலி மாதிரி தெரியல சார். காலைத் தூக்கவே மாட்டேங்கறாங்க. சீக்கிரமா காமிச்சுடுங்க. லேட் பண்ணாதீங்க சார்."

அவள் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலையில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அவள் குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் அருகில் போய் அவள் சங்கிலியைக் கையில் எடுத்தேன். அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"தாலியில கை வெக்காதீங்க. இன்னா பண்றீங்க?"

"அந்த டாலரை மட்டும் எடுக்கறேன். பேட்டரி பாக்கணும்."

"நேத்துதான அந்தப் பொண்ணு போட்டுச்சு?"

மறதி நோய் என்று மகள் பயந்த பெண், முந்தைய நாள் நடந்ததைச் சரியாகச் சொன்னாள்! பொய் சொன்னவன் நான். ஆனால் என்னோடு எவ்வளவு நேரம் வாதாடுவாள்? கையை எடுத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். என்றோ ஒருநாள் மேளச் சத்தத்துக்கு நடுவில் அந்தக் கழுத்தில் முடிச்சுப் போட்ட கை... அதே கை அன்று அங்கே திருட்டுத்தனமாக ஓர் ஊக்கைத் திறந்தது. அவளுடையதை எடுத்து என் கைக்கடிகாரப் பட்டையில் கோத்துக்கொண்டேன். என்னுடையதை அவள் சங்கிலியில் மாட்டினேன்.

பிறகு நடந்தேன்.

வாசல் கதவைத் திறந்தேன். தண்ணீர் தெளித்தேன். கூடத்தைக் கடந்தேன், அவள் நடந்ததுபோல, வேகமாக. பிரிட்ஜைத் திறந்து பால் எடுத்து, இடுப்பால் சாத்தினேன். வயதான ஒரு மனிதன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் மனைவியாக வீட்டுக்குள் உலவினேன். வெள்ளைப் பெட்டிகளில் சிறு பச்சைப் புள்ளி மின்னியது. அவை நம்பிவிட்டன.

அடுத்த வாரம் நஸ்ரின் போன் செய்தாள். "சார், அம்மா நல்லா தேறிட்டாங்க! தைலம் வேலை செஞ்சிருக்கு!" அவள் குரலில் இருந்த மகிழ்ச்சி உண்மையானது. பிறகு சேர்த்துக்கொண்டாள்: "உங்க நடைதான் சார் கொஞ்சம் கம்மியா காட்டுது. உடம்பைப் பாத்துக்கோங்க."

"வயசாகுதில்லம்மா," என்றேன்.

அது எனக்குத் தோன்றாமல் இல்லை. என் வில்லை அவள் கழுத்தில் இருந்தால் அவள் தளர்ச்சி என் கணக்கில் ஏறும். ஏறட்டுமே என்று நினைத்தேன். அவளுக்காக நான் நோயாளியாகிறேன் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்! எவ்வளவு மலிவான தியாகம்! நோயை அவள் சுமந்தாள். பெயரை மட்டும் நான் சுமந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூசுகிறது. ஆனால் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் பொருளில்லை.

எனக்கு அது பிடித்திருந்தது.

ஆம்! ஒவ்வொரு காலையிலும் அவளாக நடப்பது எனக்கு ஏக்கம் தீர்க்கும் மருந்தாக இருந்தது. எந்த நேரத்தில் பின்கட்டுக்குப் போவாள், துணி காயப்போட எத்தனை முறை வெளியே வருவாள், மாலையில் விளக்கேற்றுமுன் எங்கே நிற்பாள் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, அவள் அடிமேல் அடிவைத்து நடந்தேன். மகளின் போனில் அம்மாவின் நடையைக் காட்டும் கோடு மேலே மேலே போயிற்று. அந்தக் கோட்டுக்குள் என் பழைய உண்ணாமலை இருந்தாள். மலைப் பாதையில் என்னைப் பின்னால் ஓடவிட்டவள் அங்கே நலமாக, விறுவிறுவென்று உலவிக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவளைவிட அவளை நான் அதிகம் நேசித்தேன்.

இதைவிடப் பெரிய துரோகத்தை ஒரு கணவன் செய்ய முடியுமா?

அவள் வேலையையெல்லாம் நானே செய்ததால் அவளுக்கு எழுந்திருக்கவே காரணம் இல்லாமல் போயிற்று. கட்டிலிலிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் நேராக சாமி படத்துக்குப் போனபோது, "நான் அப்பிடிப் போவ மாட்டேன். மொதல்ல வாசக் கதவு," என்றாள். அவளுக்குப் புரிந்திருந்தது!

"நல்லாத்தான் நடக்கறீங்க வாத்தியாரே. கையை இன்னும் வீசணும்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இருவரும் சேர்ந்து யாரையோ ஏமாற்றுகிற குழந்தைகளைப்போலச் சிரித்தோம். அவள் என்னை நம்பினாள். நான் எது செய்தாலும் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று நம்பினாள்.

சில மாதங்களில் அந்தச் சிரிப்பும் நின்றது. ஒரு மத்தியானம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"ஏங்க... நான் செத்துட்டேனா?"

"இன்னா பேச்சு இது!"

"இல்ல... என் வேலயெல்லாம் நீங்க செய்யறீங்களே. அதான் கேட்டேன்."

அன்றாவது நான் நிறுத்தியிருக்கலாம். அன்றாவது ஓர் ஆட்டோ பிடித்து அவளை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் தூரம்தானே? நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, அவளாக மாறி, விளக்கேற்றப் போனேன்.

மகள் வீடியோவில் கூப்பிடும்போது அவளுக்கு நல்ல புடவை உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, பூ வைத்துவிடுவேன். "அம்மா ஏன் டல்லா இருக்கா?" என்பாள். "இப்போதான் தூங்கி எழுந்தா," என்பேன். மகளும் அதிகம் கேட்கமாட்டாள். பெட்டி அம்மா நலம் என்கிறதே! அவளுக்குக் கவலை என்னைப் பற்றி. என் கோடு இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் பொறுக்க முடியாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என்னைச் சென்னையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவதற்கு!

வீட்டுக்குள் வந்து அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அம்மா ஏம்ப்பா இப்பிடி எளைச்சுட்டா?" என்றாள். என்னைப் பார்த்துக்கொள்ளும் கவலையில் அம்மா இளைத்துவிட்டாள் என்று தானே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. ஊர் வந்து சேர்ந்த அன்றே ஏற்பாடு. மறுநாளே மூவரும் காரில் கிளம்பினோம்.

மருத்துவர் என்னைக் கடிகாரம் வரையச் சொன்னார். சில சொற்களைச் சொல்லி, பேச்சை மாற்றி, பிறகு கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். வகுப்பில் கேள்வி கேட்கப்பட்ட நல்ல மாணவனைப்போல எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"சார், நீங்க என்னை விடத் தெளிவா இருக்கீங்க," என்று அவர் சிரித்தார்.

தேன்மொழி மலர்ந்துபோய், வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவை உள்ளே வரச் சொல்லிக் கதவைத் திறந்தாள். உண்ணாமலை நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். ஓரடி எடுக்கப் பார்த்தாள். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது. இன்னோர் அடி. அந்தச் சிறு இடைவெளியைக் கடக்க அவள் பட்ட பாட்டை மருத்துவர் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் சிரிப்பு போய்விட்டது.

"அம்மா எப்போலேர்ந்து இப்படி நடக்கறாங்க?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"கொஞ்ச நாளாத்தான்," என்றேன்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளைக்குள் எப்போதும் ஊறி வடியும் நீர் வடியாமல் தேங்கியிருந்தது. அதனால்தான் நடை தளர்ந்தது, சிறுநீர் அடங்கவில்லை, நினைவு மங்கியது. மறதி வரும் காரணங்களில் குணப்படுத்த வழியுள்ளவை சிலதான், இது அவற்றில் ஒன்று என்றார் மருத்துவர். உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைத்து அந்த நீரை வயிற்றுக்குள் வடியவிடலாமாம்.

"நடை மாற ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா, நல்லா தேறியிருப்பாங்கன்னு நம்பிக்கையா சொல்லியிருப்பேன். இப்ப... செஞ்சு பார்க்கலாம். பெருசா வாக்கு குடுக்க முடியாது."

நடை மாற ஆரம்பிச்சப்பவே! அந்த நேரத்தில் சொல்வதற்கென்றே சுவரில் மாட்டப்பட்டவை அவை. சொல்லவும் செய்தன. நான் சொன்ன பொய்யை நான் நம்பவில்லை, பெட்டிகள்தான் நம்பின... நான் தனிப் பிரிவுக்குப் பயந்தேன். அவளுக்குத் தேவைப்பட்டதோ ஒரு குழாய்!

அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய பிறகு தேன்மொழி இரண்டு கோடுகளையும் எடுத்துவைத்து உட்கார்ந்தாள். அவள் கெட்டிக்காரி. என் மகள் அல்லவா! நலமாக இருந்த அப்பாவின் கோடு ஏன் இறங்கியது? நோயாளி அம்மாவின் கோடு ஏன் ஏறியது? இரண்டும் ஒரே வாரத்தில் இடம் மாறியிருந்தன. நஸ்ரின் பேட்டரி மாற்ற வந்த வாரம்.

நஸ்ரினும் அவள் மேலதிகாரி ஒருவரும் வீட்டுக்கு வரவழைக்கப்பட்டார்கள்.

"ரெண்டு டேகையும் மாத்தி மாட்டிட்டுப் போயிருக்கீங்க. அதுக்கப்புறம் வாரா வாரம் போன் பண்ணி, அம்மா நல்லா இருக்காங்கன்னு வேற சொல்லியிருக்கீங்க!" என்றாள் தேன்மொழி.

"மேடம், நான் மாத்தவே இல்ல. அம்மாவோடதை நான்தான் என் கையால தாலிச் செயின்ல மாட்டினேன். பேரு பாத்துதான் மாட்டினேன்." நஸ்ரின் என் பக்கம் திரும்பினாள். அவள் கண்களில் கவலையே இல்லை. சார் இருக்கிறார், சார் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கைதான் இருந்தது. "சார், நீங்க பக்கத்துல தான இருந்தீங்க? சொல்லுங்க சார். காலைத் தூக்கலன்னு, சீக்கிரம் காமிங்கன்னு நான் சொன்னேன் இல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மருத்துவர் என் நினைவாற்றலைப் புகழ்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா," என்றேன்.

அவ்வளவுதான். வயதான மனிதன் மறந்துவிட்டேன் என்றால் யார் மறுத்துப் பேசுவார்கள்? நஸ்ரின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே கட்டிலருகில் போய், "வரேம்மா," என்று உண்ணாமலையின் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அவள் வேலை போய்விட்டது. இப்போது தேரடி வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். ஒருநாள் எதிர்ப்பட்டேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். அவளோ, "அம்மா எப்பிடி இருக்காங்க சார்?" என்று கேட்டாள். அவள் அத்தா இப்போதும் என்னைப் பற்றி வீட்டில் பேசுகிறாரா... கேட்கத் துணிவில்லை.

உண்ணாமலை எப்படி இருக்கிறாள்? உங்களுக்கும் சொல்ல வேண்டும். கொஞ்சம் நடக்கிறாள். பாதம் சற்று எழும்புகிறது. நினைவுதான் திரும்பவில்லை. சில காலைகளில் என்னைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "உக்காருங்க, அவரு வந்துடுவாரு," என்கிறாள். நான் உட்காருகிறேன். இருவரும் அவருக்காகக் காத்திருக்கிறோம்.

ஏன் மகளிடம் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவை இழந்து நிற்கிறவளிடமிருந்து அப்பாவையும் பறிக்க வேண்டாம் என்றுதான்... என்று சொல்லிக்கொள்கிறேன். உண்ணாமலையின் நோயை மறைத்தபோதும் இதேபோல ஒரு காரணம் என்னிடம் இருந்தது. அன்பின் பெயரில் எனக்குப் பொய் எப்போதும் எளிதாக வந்துவிடுகிறது. பயம்தான் உண்மை. அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம்.

நேற்று மாலை தேன்மொழி போன் செய்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"ப்பா, தூக்கமே வரல. அந்த மெஷினை நம்பி உக்காந்திருந்தேன் பாருங்க, அது என் தப்பு. நேர்ல வந்து பாத்திருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும். அம்மா இப்பிடி ஆனதுக்கு நான்தான் காரணம் ப்பா."

"அப்பிடியெல்லாம் இல்லம்மா," என்றேன்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம். உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சீங்க."

சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் இனி வராது. எனக்குத் தெரியும். அவள் அழுகை நின்று, மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். உண்ணாமலை சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று, யார் போனில் என்று சைகையால் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"சாப்ட்டியாம்மா?" என்றேன்.